மூன்றாம் ஓலை

புதுச்சேரி
12.10.2008

அன்புத் தங்கை ஏலிசுக்கு,

சர்வேசுரன் தயவில் நானும் மகள் ஈனெசும் சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரர் ரோஜே தம்பியின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆசை. போனில் பேசினால் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதற்குள் உன் கார்டு தீர்ந்துபோகிறது. சொல்லவேண்டியதெல்லாம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஈனெசுக்கு வரன் வந்திருக்கிறது. இங்கே சாரம் பக்கத்துக் குடும்பம், நம் வேதக்காரர்கள்தான். பையன் பெயர் லூக்கா, கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். அம்மா பெயர் ஆயம்மா. போன ஞாயிறு பெண் பார்க்க வந்தார்கள். ஈனெஸ் நீ அனுப்பிய நீலப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு காப்பி கொடுத்தாள். ஆயம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, எங்ககிட்டல்லாம் பேசமாட்டியா?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. "பாப்பாவுக்குத் தமிழ் வராதுங்க. சின்னதுலேர்ந்து பிரான்சுலயே வளந்துட்டா" என்று சொல்லிவிட்டேன். ஈனெசைப் பார்த்து பிரெஞ்சில் இரண்டு வார்த்தை வாயசைத்தேன். அவளும் உதட்டைப் படித்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான், ஆயம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதா? தமிழ் தெரியாத பெண் என்றால் ஒரு படி உசத்தி. காது கேட்காத பெண் என்றால் பத்துப் படி கீழே.

காது கேட்காது என்று நான் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். குருசுக்குப்பம் பக்கம் நம்மைச் சுற்றி இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும்தான். ஆனால் கல்யாணத்தைக் கலைத்த பாவம் நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டிலிருந்து உனக்குப் போன் வந்தால் நீயும் இதையே சொல்.

உன் அக்கா,
ஜோசெத்

---

துலூஸ்
3.11.2008

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் சுகம். ரோஜேக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் வலியை விட அதைப் பற்றிய பேச்சுதான் அதிகம். அத்தான் கல்லறைக்குச் சகல ஆத்துமாக்கள் நாளில் போய் வந்திருப்பாய். எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

வரன் வந்ததில் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பையன் வீட்டாரிடம் என்ன சொன்னாய் என்று எழுதினாய். ஈனெசிடம் என்ன சொன்னாய்? அவள் பக்கத்திலேயே இருந்தும் நீங்கள் தமிழில் பேசியது அவளுக்குப் புரிந்திருக்காதே.

இன்னொன்று. இந்தக் காலத்தில் இதை மறைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ரோஜேயும் நானும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யூடியூபில் ஈனெசின் வீடியோக்களைத்தான் பார்க்கிறோம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீனைக் கையில் தூக்கிப் பிடித்து, இது சங்கரா, இது வஞ்சிரம் என்று சைகை சொல்லிக்கொடுக்கிறாளே, அதைப் பார். போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் கண்ணையன் படம் பிடிக்கிறானாம். அவனுக்கும் காது கேட்காதாம். பேச்சு வரும் இடத்தில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எத்தனை சிரிப்பு, எத்தனை குறும்பு! பஸ்ஸில் டிக்கெட் கேட்பது எப்படி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது எப்படி என்று ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். காரைக்காலிலிருந்து ஒரு தாய், என் மகனும் இப்படித்தான், இன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன் என்று கீழே எழுதியிருக்கிறாள்.

நீயும் பார்த்திருப்பாய். சாரத்தில் மட்டும் யாரும் பார்க்கமாட்டார்களா? நல்லபடியாக நாமே சொல்லிவிடுவோம் அக்கா.

அன்புத் தங்கை,
ஏலிஸ்

---

புதுச்சேரி
28.11.2008

ஏலிசுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

சுகம். ஐந்து நாளாக அடைமழை. தெருவெல்லாம் தண்ணீர், கடலுக்குப் போனவர்கள் யாரும் இல்லை, சமையலில் மீனும் இல்லை.

நான் பார்த்திருப்பேன் என்று எழுதினாய். நான் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மாலையில் ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்று எழுதிக் காட்டிவிட்டுப் போவாள். போட்டோ வேலை பழகுகிறாள் என்று நினைத்தேன்.

மழையோடு மழையாக பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பையன் படத்தைப் போட்டுவிட்டு, சத்தம் வரவில்லையே என்று ஹெட்போனை மாற்றினான். மூன்று முறை மாற்றினான். கம்ப்யூட்டரையே மாற்றித் தரட்டுமா என்றான். வேண்டாம் தம்பி, இது இப்படித்தான் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமானது தெரியுமா?

அவளிடம் சொல்லி எல்லாவற்றையும் எடுக்கச் சொல். கல்யாணம் முடிகிறவரைக்குமாவது. நீ சொன்னால் கேட்பாள். பதினோரு வயதில் உன்னிடம் அனுப்பினேன். அவள் அப்பா சாவுக்கு வந்தவள்தான் இங்கே தங்கினாள். அந்தப் பத்து வருடத்தில் உனக்கு அவளோடு கையால் பேசத் தெரிந்துவிட்டது. எனக்குக் காகிதமும் பேனாவும்தான். இதையெல்லாம் காகிதத்தில் எழுதி நீட்ட என்னால் முடியாது.

சுகமாக இரு. ரோஜே தம்பி குளிரில் வெளியே போகவேண்டாம்.

ஜோசெத்

---

துலூஸ்
17.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் ஈனெசுக்கும் எங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். குடிலுக்கு வைக்க ஒரு சின்ன ஆட்டுக்குட்டி தனியே அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்து சேரவேண்டும்.

நீ சொன்னதை நான் அவளிடம் சொல்லமாட்டேன். இங்கே வந்த முதல் வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மேசைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டு உட்காருவாள். அந்தக் கை வெளியே வர இரண்டு வருடமானது. மறுபடி உள்ளே வை என்று என் வாயால் வராது.

ஈனெசிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

ஏலிஸ்

---

புதுச்சேரி
18.1.2009

அன்புத் தங்கைக்கு,

ஆட்டுக்குட்டி ஒரு காது உடைந்து வந்தது. நம் வீட்டுக்கு வருவதெல்லாம் காதில்தான் அடிபட்டு வருகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆட்டுக்குட்டியைக் குடிலில்தான் வைத்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் நிச்சயம் முடிந்தது. கல்யாணம் மே இருபது. லூக்கா வந்திருந்தான். அவன் இரண்டு மாதமாகப் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறானாம், ஏலிஸ். என் பொய்யை நம்பி வேலை முடிந்து சைக்கிளில் போய்ப் படிக்கிறான். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று பிரெஞ்சில் முழுசாகச் சொன்னான். முகத்தைக் கவிழ்த்துக்கொண்டபிறகு அவள் எந்த உதட்டைப் படிப்பாள்? அவள் பாட்டுக்கு வடைத்தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பையன் முகம் சுண்டிப்போயிற்று. என் உச்சரிப்பு சரியில்லையோ அத்தை என்று என்னிடம் கேட்டான். நல்லாத்தான் இருந்தது தம்பி என்றேன். அன்று முழுதும் சாப்பிட முடியவில்லை.

நீ இரண்டு முறை கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று ஈனெஸ் என் முன்னால் காகிதத்தை வைத்து, அவர்களுக்குத் தெரியுமா என்று எழுதினாள். எல்லாம் தெரியும், தெரிந்துதான் பிடித்திருக்கிறது என்று எழுதினேன். படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கடைசியாக எப்போது கட்டிக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அதன்பிறகு எப்படித் திருப்பிச் சொல்வேன்?

ஜோசெத்

---

புதுச்சேரி
22.2.2009

ஏலிசுக்கு,

உன் பதில் வரவில்லை. கோபமா, இல்லை ரோஜேக்கு உடம்புக்கு முடியவில்லையா? இரண்டில் எதுவானாலும் ஒரு வரி எழுது.

நான் செவ்வாய்க்கிழமைதோறும் பிரௌசிங் சென்டருக்குப் போகிறேன். ஈனெசுக்குத் தெரியாது. அந்தப் பையன் இப்போதெல்லாம் ஹெட்போன் தருவதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அவனும் பின்னால் நின்று பார்க்கிறான். போன வாரம் காசு வாங்கும்போது கையால் நன்றி சொன்னான். படத்தில் பார்த்துப் பழகினதாம்.

மீன் விற்கிற சின்னப்பாப்பாவை உனக்கு ஞாபகமிருக்கும். குருசுக்குப்பத்திலிருந்து கூடையோடு வருவாளே, ஈனெஸ் வாசலுக்குப் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். நேற்று சத்தமே இல்லை. என்ன என்று எட்டிப் பார்த்தேன். அவள் விரலை மடக்கி விலை சொல்கிறாள், இவள் விரலை மடக்கிக் குறைத்துக் கேட்கிறாள். இரண்டு பேருமாகச் சிரிக்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எம் பொண்ணு வயித்துப் பேத்தி ஒண்ணு இப்படித்தாம்மா, காது கேக்காது. ஆரு வந்தாலும் உள்ள தள்ளிக் கதவச் சாத்திடுவோம். எங்க பையன் செல்லுல உங்க பாப்பா படத்தக் கொண்டாந்து காட்டுனான். ஏலம் போடற எடத்துலயே நின்னுகினு ஜம்முனு பேசுது. நாம மட்டும் எதுக்குடா மறைக்கிறோம்னு ஆயிப்போச்சு. இப்ப அதையும் கடக்கரைக்குக் கூட்டிப்போறோம்" என்றாள்.

நான் மீன் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். பல படங்களில் கடைசியில் ஈனெஸ் ஒன்று செய்கிறாள். இடது கையைத் தூக்குகிறாள், வலது கையை அதன் மேல் வைத்துக் கீழே இறக்குகிறாள். பிறகு வீடு இருக்கும் திசையைக் காட்டிச் சிரிக்கிறாள். எல்லாவற்றுக்கும் அட்டை காட்டுகிறவர்கள் இதற்குக் காட்டுவதில்லை. கண்ணையனைக் கடைத்தெருவில் பார்த்து, செய்து காட்டிக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அது என்ன?

ஜோசெத்

---

துலூஸ்
30.3.2009

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ரோஜேக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், நர்சுகளைப் பற்றிக் குறை சொல்கிறார், ஆகவே தேறிவிட்டார் என்று வைத்துக்கொள். இங்கே பாதாம் மரமெல்லாம் பூத்துவிட்டது. உனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா?

சின்னப்பாப்பா கதையை ரோஜேக்குப் படித்துக் காட்டினேன். திரும்பவும் படி என்றார்.

அந்தச் சைகையை நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை பார்க்கிறேன். பாஸ்கா திருநாள் வாழ்த்துகள்.

ஏலிஸ்

---

புதுச்சேரி
14.4.2009

ஏலிசுக்கு,

திருநாள் நல்லபடியாக முடிந்தது. நாங்கள் சுகம்.

பொய் சொல்ல உனக்கு வராது. நம் குடும்பத்தில் அந்த வேலையை நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் உட்கார்ந்து பார்க்கிறவள் கவனிக்கவில்லை என்றால் யார் நம்புவது? தெரிந்ததைச் சொல்.

வருகிற இருபத்தாறாம் தேதி கோயிலில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். மே மூன்று இரண்டாம் ஓலை, பத்து மூன்றாம் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதில் தடை ஏதாவது தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று மூன்று ஞாயிறு சாமியார் சொல்வாரே, அதைக் கேட்டுக்கொண்டு எந்த முகத்தோடு முழங்கால் போடுவேன் என்று தெரியவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி, முதல் பெஞ்சிலேயே இருப்பேன்.

ஜோசெத்

---

துலூஸ்
24.4.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கும் நாளில் இந்தக் கடிதம் உன் கைக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அது உன் பெயர்.

காது கேளாதவர்கள் ஆளுக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். அம்மா என்பதற்குச் சைகை உண்டு, அது எல்லா அம்மாவுக்கும் பொது. இது உனக்கு மட்டும். அடையாளத்தை வைத்துத்தான் பெயர். ரோஜேக்கு மீசை, எனக்குக் கன்னத்து மச்சம். இங்கே வந்த முதல் வாரம் பள்ளிக்கூடத்தில், உன் அம்மா யார் என்று கேட்டிருக்கிறார்கள். ஈனெஸ் ஒரு கையைத் தூக்கி, இன்னொரு கையால் அதை அமுக்கிக் காட்டினாளாம். தெருவில், கோயிலில், பஸ்ஸில் அவள் எதையாவது சொல்லக் கையைத் தூக்கினால் நீ அமுக்கிவிடுவாய். அவள் உன்னைப் பற்றிக் கொண்டுவந்த அடையாளம் அது.

கோபத்தில் வைத்த பெயர் இல்லை. உன்னைப் பற்றி ஆசையாகச் சொல்லும்போதும் அப்படித்தான் சொல்வாள். அம்மா நல்ல இறால் குழம்பு வைப்பாள் என்பதிலும் அந்தக் கைதான். ஒருமுறை வைத்த பெயரை அவர்கள் சாதாரணமாக மாற்றுவதில்லை. பதிமூன்று வருடமாக உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். நீ கேட்காமலே இருந்திருக்கலாம்.

உன் தங்கை,
ஏலிஸ்

---

புதுச்சேரி
17.5.2009

அன்புத் தங்கை ஏலிசுக்கு,

சுகமாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டிருப்பாய்.

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. இரண்டாம் ஓலை முடிந்திருந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கையை விட்டால்தான் வாய் வரும், கையாட்ட விடாதீர்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம். டாக்டர் மேல் முழுப் பழியையும் போட எனக்கு ஆசைதான், முடியவில்லை.

அன்று மாலையே ஈனெஸ் முன்னால் காகிதத்தை வைத்தேன். சாரத்துக்காரர்களுக்குத் தெரியாது, உன்னிடமும் அவர்களிடமும் நான் பொய் சொன்னேன் என்று எழுதினேன். அவள் படித்தாள். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் தானே ஒரு கடிதம் எழுதி, தனியாகப் போய்ச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என் திருமணத்தில் உண்மை மறைக்கப்பட்டிருக்கிறது, மூன்றாம் ஓலையை வாசிக்கவேண்டாம் என்று. சாமியார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தடை அறிவித்தது கல்யாணப் பெண்ணே என்பது அவர் பங்குக் கோயிலில் முதல் தடவையாம்.

சாரத்துக்கு நானே போனேன். ஆயம்மா உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்காமலே பூசை முடிந்தது. கோயில் வாசலில் லூக்கா என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நின்றேன். "அத்தை, அன்னைக்கு நான் எந்திரிச்சிப் பேசுனது... அது அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்றான். தெரியாது தம்பி என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கல்யாணம் நின்றுவிட்டது. அவன் திரும்ப வருவானா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. வந்தால் அவளிடம் பேசட்டும். நான் நடுவில் நிற்கமாட்டேன்.

ஒன்பது நாள் ஈனெஸ் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை தட்டோடு எழுந்தவள் வழியை மறித்து நின்றேன். இடது கையைத் தூக்கி வலது கையால் அமுக்கி, என்னைக் காட்டினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டாள். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை, கன்னத்தைத் தொட்டு மச்சம் காட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினேன். உன் மேல் கோபம் இல்லை, பயப்படாதே.

பிறகு காகிதத்தை எடுத்து, வேறு பெயர் வைக்கிறேன் அம்மா என்று எழுதினாள். வேண்டாம் என்று எழுதினேன். நான் செய்ததற்கு வைத்த பெயர், அது இருக்கட்டும்.

நேற்றுக் கண்ணையன் காமிராவோடு வீட்டுக்கு வந்தான். இந்தக் கல்யாணக் கதையை மறைக்காமல் சொல்லப்போகிறேன், நீயும் வருகிறாயா என்று ஈனெஸ் எழுதிக் கேட்டாள். யார் யார் பார்ப்பார்கள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. சாரம், கோயில், காரைக்கால், சின்னப்பாப்பாவின் கடற்கரை எல்லாம் ஓடியது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அட்டை ஏதும் வேண்டாம், நானே கையால் சொல்கிறேன் என்று எழுதினேன். கையைத் தூக்கி அமுக்கினேன். ஈனெஸ் நிறுத்தச் சொன்னாள். நான் ரொம்ப வேகமாக அமுக்குகிறேனாம். என் கையைப் பிடித்து, விரலைச் சேர்த்து, எப்படி வைக்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று திருத்தினாள். மூன்று தடவை தப்பாகவே வந்தது. நாலாவது தடவை சரி என்றாள். இருபத்துநாலு வருடத்தில் என் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தை, ஏலிஸ், என் பெயர்.

ரோஜே தம்பியைக் கேட்டதாகச் சொல். இது கைக்கு வந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள்.

உன் அக்கா,
ஜோசெத்